பெல்ட் கூரை

என் கோழிக்கு நோய் என்று முதலில் கிளப்பிவிட்டது யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்தால் சும்மா விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பிய பேச்சு, திங்கட்கிழமை காலையில் நான் முட்டைக் கூடையை வண்டியில் கட்டிக்கொண்டு நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் நுழைவதற்குள் நான் விற்கிற பிளாக் முழுக்கப் பரவிவிட்டிருந்தது. பதினொரு வருடமாக நான் போய்வருகிற தெரு அது. கண்ணகி அக்கா வீட்டுக் கேட் திறக்கவில்லை. ஜன்னலில் நின்றபடியே, நீ விற்ற கோழியெல்லாம் இசக்கியம்மாள் வீட்டில் செத்துக் கிடந்ததாம், வாட்ஸ்அப்பில் வந்ததை நீ பார்க்கவில்லையா என்று கேட்டார். பிறகு உள்ளே போய், சனிக்கிழமை நான் கொடுத்த முட்டைகளைக் கவரோடு எடுத்து வந்து, என் கண்ணெதிரிலேயே குப்பைத்தொட்டியில் வைத்தார். வைத்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வீசினார். பன்னிரண்டும் உடைந்தன.

அடுத்த மூன்று வீட்டிலும் இதே கதைதான். ஐந்தாவது வீட்டில் யாரும் வெளியே வரவில்லை, ஆனால் உள்ளே பேசியது காதில் விழுந்தது. அந்த ஊர் ஆட்களிடம் சுத்தம் இருக்காது, நான் அப்போதே சொன்னேன் என்று ஒரு குரல்.

சுத்தமாம். முத்தாண்டிக்குப்பத்தில் என் வீட்டுக் கொல்லைக்கு வந்து பார்த்துவிட்டுப் பேசட்டும். புங்கமர நிழலில், கிழக்கு மேற்காக நீளம் வைத்துக் கட்டிய கூண்டு. வெயில் நேராக உள்ளே விழாது. முழங்கால் உயரம் வரைக்கும்தான் சுவர், அதற்கு மேல் நாலு பக்கமும் கம்பிவலை. மேலே தென்னங்கீற்று. ஆள் நிமிர்ந்து நிற்கலாம். தரையில் நெல் உமி பரப்பி, வாரத்துக்கு இரண்டு தடவை கிளறிவிட்டு, ஈரம் கண்ட இடத்தில் சுண்ணாம்பு தூவுவேன். ஓரத்தில் ஒரு பழைய தொட்டி நிறைய அடுப்புச் சாம்பல். கோழி அதில் புரண்டு குளித்தால் பேன் அண்டாது. என் கூண்டுக்குள் மூக்கைப் பிடிக்காமல் உட்கார்ந்து சோறு தின்னலாம். பேசின வீட்டின் சமையலறையில் அது முடியுமா என்று எனக்குத் தெரியாது, உள்ளே விட்டால்தானே தெரியும்.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் ஒவ்வொன்றையும் கையில் பிடித்து, கண்ணில் ஒரு சொட்டு, மூக்கில் ஒரு சொட்டு மருந்து விடுவேன். வெள்ளைக்கழிச்சல் வராமல் இருக்க அது. அந்த மருந்தைப் பண்ருட்டியிலிருந்து ஐஸ் வைத்த டப்பாவில் எடுத்து வரவேண்டும். வழியில் ஐஸ் கரைந்து மருந்து சூடானால் அது வெறும் தண்ணீர். ஒரு தடவை பஸ் பழுதாகி நின்றபோது, மருந்து கெட்டுவிடக் கூடாதே என்று வழிப்போக்கனின் பைக்கில் ஏறி வந்தவள் நான். ஊரில் அதற்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பேசட்டும். இரண்டு மாதத்தில் இறக்கையில் ஊசி. பிறகுதான் விற்பேன். ஊசி போடாத குஞ்சை, பிறந்த வீட்டு ஆள் வந்து கேட்டாலும் கொடுத்ததில்லை.

என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் களை எடுத்துச் செத்தவர்கள். என் வீட்டுக்காரர் பழனிவேலுக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. வருடத்தில் எத்தனை மாதம் வேலை இருக்கும் என்று அவருக்கே தெரியாது. வேலை இல்லாத மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பு எரிவது கோழியால். அந்தக் கோழியை டவுன்ஷிப்பில் வாங்குவது என் முகத்துக்காக. செவ்வந்தி கொடுத்த கோழி என்றால் நல்ல கோழி. பதினொரு வருடத்தில் நான் சேர்த்தது அந்த ஒரு பேர்தான். அது அன்று காலையில் குப்பைத்தொட்டியில் கிடந்தது.

வண்டியை நேராக இசக்கியம்மாள் அக்கா வீட்டுக்கு விட்டேன். செத்தது அவர் வீட்டுக் கோழிகள்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தெருவிலேயே முதன்முதலாக என்னை உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தவர். தை மாதம் என்னிடம் பன்னிரண்டு குஞ்சு வாங்கினார். அவையெல்லாம் நன்றாக வளர்ந்து, முட்டை வைக்கவும் தொடங்கியிருந்தன. இப்போது சித்திரை கடைசி, கத்திரி வெயில் கொளுத்துகிறது. அக்கா அழுது முகம் வீங்கிப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனார்களாம். பகலெல்லாம் தோட்டத்தில் மேயவிடுகிற கோழிகளை அன்று நாய்க்குப் பயந்து கூண்டில் அடைத்துப் பூட்டிவிட்டுப் போய், நாலு மணிக்கு வந்து பார்த்தால் பதினொன்று செத்துக் கிடந்தன. கதவோரம் இருந்த சேவல் ஒன்றுதான் பிழைத்தது, அதை வெளியே கட்டிப்போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள்.

கேட்க வேண்டியதைக் கேட்டேன். கழுத்து திருகிக்கொண்டு இருந்ததா, வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்ததா, இரண்டு நாளாகத் தீனி எடுக்காமல் மூலையில் குந்தியிருந்ததா? எதுவும் இல்லையாம். காலையில் நன்றாக மேய்ந்தனவாம். செத்துக் கிடந்தபோது இறக்கையை விரித்து, வாயைத் திறந்து கிடந்தனவாம்.

"நோயின்னா ஒண்ணு சாவும், மறுநாளு ரெண்டு சாவும்க்கா. ஒரே மத்தியானத்துல பதினொண்ணு சாவாது. ஒங்க கூண்டுதான் கொன்னுருக்குது."

அக்காவின் முகம் மாறிவிட்டது. சார் இருபத்தைந்து வருடம் மெஷினோடு புழங்குகிறவர், அவருக்கு ஒரு கோழிக்கூண்டு கட்டத் தெரியாதா என்றார். சார் என்றால் அவர் வீட்டுக்காரர் சண்முகசுந்தரம். மைன்ஸில் பெர்மனென்ட், நல்ல பதவி. பிறகு அக்கா குரலைத் தாழ்த்தி, நோய் என்று தான் யாரிடமும் சொல்லவில்லை என்றும், யாரோ கேட்டபோது இருக்கலாம் என்று மட்டும் சொன்னதாகவும் சொன்னார். இருக்கலாம். அந்த ஒரு சொல் போதுமே என் பிழைப்பைக் கெடுக்க.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்தக் கூண்டை நான் தை மாதமே பார்த்தேன்.

குஞ்சுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். சார் எங்களைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப் போய்க் காட்டினார். பெரிய பலாமரம் ஒன்று அங்கே நிற்கிறது, நல்ல நிழல். ஆனால் சருகு விழுந்து குப்பையாகும் என்று, கூண்டை மரத்தடியில் வைக்காமல் வெட்டவெளியில் மதிலோரம் வைத்திருந்தார். சிமென்ட் தரை. பூனையும் கீரியும் நுழையாமல் மூன்று பக்கமும் தகரம். முன்பக்கம் இரும்புக் கதவு, அதில் மட்டும் இரண்டு சாண் அளவுக்கு வலை. மேலே கூரைக்குக் கன்வேயர் பெல்ட்.

மைன்ஸில் மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு ஓடுகிற கறுப்பு ரப்பர் பெல்ட் அது. தேய்ந்ததை ஏலத்தில் எடுத்து நறுக்கி விற்பார்கள். எங்கள் பக்கத்தில் பெல்ட் துண்டு இல்லாத வீடு இல்லை. மாட்டுக்கொட்டகைத் தரையில் போட்டால் மாட்டுக்குக் கால் வழுக்காது, வாசலில் போட்டால் சேறு ஒட்டாது. தரைக்கு அதைப்போல ஒன்று கிடையாது. ஆனால் அதைத் தலைக்கு மேல் போடுகிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். விரல் கனத்துக்கு ரப்பர், ஓரம் முழுக்க போல்ட் போட்டு முறுக்கி, ஒரு பொட்டு காற்று நுழைய வழியில்லாமல் இருந்தது.

யானை ஏறி நின்றாலும் அசையாது, எப்படி இருக்கிறது என்று சார் கேட்டார். ஆசையாகக் கேட்டார். நாலு ஞாயிற்றுக்கிழமை உழைத்திருக்கிறார், கையெல்லாம் கீறல். எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. தையில் கதகதப்பாக இருக்கும், சித்திரையில் இது அடுப்பு. சொல்ல வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சார் வேலை செய்கிற அதே இடத்தில்தான் அவருக்கும் கான்ட்ராக்ட். பெர்மனென்ட் ஆள் கட்டியதைக் கான்ட்ராக்ட்காரன் பெண்டாட்டி குறை சொல்வதா? திறந்த வாயை அப்படியே திருப்பி, நல்லா இருக்குங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மூன்று சொல்தான் பதினோரு உயிருக்கு எமனாகப் போய்விட்டது. என் கையில் உட்கார்ந்து கண்ணுக்கும் மூக்குக்கும் சொட்டு வாங்கிய குஞ்சுகள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சண்டை. விட்டுத்தொலை, இரண்டு மாதத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள், மேலே யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அடுத்த கான்ட்ராக்டில் என் பேர் இருக்காது என்றார் அவர். அவர் பயப்படுவது நியாயம்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உன் பேர் அங்கே இருக்க வேண்டுமென்பதற்காக என் பேர் இங்கே அழுகிப்போக வேண்டுமா என்று கேட்டேன். அவர் பாயை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

படுத்துக்கொண்டு யோசித்தேன். இரண்டு கோழியைக் கொண்டுபோய் அந்தக் கூண்டில் விட்டு, சாவதைக் காட்டினால் எல்லோரும் நம்புவார்கள். ஆனால் அதற்கு நான் ஆள் இல்லை. நான் வளர்க்கிறவள். அப்படியென்றால் உள்ளே போக இன்னொரு உயிர்தான் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். அந்த வாரம் சாருக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட், இரண்டரைக்குள் பஸ் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். பக்கவாட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு நேராகத் தோட்டத்துக்குப் போய், கூண்டின் கதவைத் திறந்து, புடவையைச் செருகிக்கொண்டு உள்ளே நுழைந்து குந்தினேன். கதவை நானே இழுத்துச் சாத்தினேன்.

முதலில் வாடைதான் தாக்கியது. வெந்த ரப்பர் வாடை. தலையை நிமிர்த்தினால் முடி பெல்ட்டில் உரசியது, உச்சந்தலை சுட்டது. முதுகைச் சாய்க்கலாம் என்றால் தகரம் பழுக்கக் காய்ந்திருந்தது. மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் போவது காற்றா அனலா என்று தெரியவில்லை. ஐந்து நிமிடத்தில் ரவிக்கை நனைந்து, பிறகு நனைந்ததே சூடாகிவிட்டது. எனக்காவது வியர்க்கிறது. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் அது சூட்டை வெளியே தள்ள வேண்டும். கூண்டுக்குள் காற்றே அனலாக இருந்தால் அந்தச் சூடு எங்கே போகும்?

அப்போதுதான் கதவோரத் தரையைப் பார்த்தேன். அந்த இரண்டு சாண் வலைக்குக் கீழே தரையில் போட்டிருந்த உமி முழுவதும் சீய்த்துத் தள்ளப்பட்டு, சிமென்ட் தெரிந்தது. வலையில் இறகு சிக்கியிருந்தது. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அந்தக் காற்றுக்காக முண்டியடித்திருக்கின்றன. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. வரும்போது எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அங்கேயே குந்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

சத்தம் கேட்டு இசக்கியம்மாள் அக்கா ஓடி வந்தார். பதறினால் அவருக்குத் திருநெல்வேலிப் பேச்சு வந்துவிடும்.

"ஏட்டி, என்ன செய்யுத? வெளிய வாட்டி. யாராவது பாத்தா என்ன நெனைப்பாவ?"

சார் வந்து இதில் உட்காரும் வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று சொன்னேன். அக்கா கெஞ்சினார், திட்டினார், பிறகு ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வலைவழியாக நீட்டினார். கோழிக்கு இந்த மாதிரி யாராவது நீட்டினார்களா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் தலையில் அடித்துக்கொண்டு மதிலோரம் உட்கார்ந்துவிட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. நன்றாகப் பாருங்கள், இதையும் வாட்ஸ்அப்பில் போடுங்கள் என்று உள்ளேயிருந்தே சொன்னேன்.

சார் வந்தபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி கூண்டுக்கு முன்னால் நின்று, என்ன கூத்து இது என்றார். அக்கா ஏதோ சொன்னார். சாரின் முகம் கறுத்தது. நீ இங்கே வந்திருப்பது பழனிவேலுக்குத் தெரியுமா என்று கேட்டார். அவர் மிரட்டுவதற்காகக் கேட்டாரா, சும்மாதான் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. எனக்கு மிரட்டலாகத்தான் கேட்டது.

"தெரியாதுங்க சார். தெரிஞ்சா வுட மாட்டாரு. அவரு வேலைய எடுக்குறதுன்னா எடுத்துக்குங்க. ஆனா அதுக்கு மின்ன உள்ள வந்து அஞ்சு நிமிசம் குந்துங்க. குந்திட்டு அப்பறம் சொல்லுங்க, என் கோழிக்கு நோயின்னு."

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அவர் ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, கையை உள்ளே விட்டு, பெல்ட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு, யாரும் சொல்லாமலே, அவ்வளவு பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

இரண்டு நிமிடம்கூட இருக்காது. வெளியே வந்தபோது யூனிஃபார்ம் முதுகோடு ஒட்டியிருந்தது. பலாமரத்து நிழலுக்குப் போய் நின்றார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"மைன்ஸ்ல வெயில்ல கிடக்குற பெல்ட்ட நாங்க வெறுங்கையால தொட மாட்டோம். புதுசா வர்ற பசங்ககிட்ட முதல் நாளே சொல்றது நான்தான். இங்க போடும்போது எனக்குத் தோணவே இல்ல."

எனக்கு ஒரு நிமிடம் பாவமாக இருந்தது, மறுக்கவில்லை. நாளைக்கே இதைப் பிரித்துவிட்டுக் கீற்றுப் போடுகிறேன், மரத்தடிக்கு மாற்றுகிறேன், நீ இன்னும் பன்னிரண்டு குஞ்சு கொண்டு வா என்றார். அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

"குஞ்சு கெடக்குது சார். மொதல்ல எம்பேரத் திருப்பிக் குடுங்க. எந்தெந்த வூட்ல போச்சோ, அந்தந்த வூட்ல நீங்க வந்து சொல்லணும்."

சாரின் முகத்தில் முன்பிருந்த சார் திரும்பி வந்தார். வாட்ஸ்அப்பில் போட்டுவிடலாமே என்றார். நான் முட்டை விற்பது வாட்ஸ்அப்பில் இல்லை, கேட்டில் நின்று என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார். போய்ட்டு வாங்க என்று அக்கா சொன்னார். அதற்காக அந்த மனுஷியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மூன்று மணி வெயிலில் தெருவில் நடந்தோம். நான் முன்னால், அவர் பின்னால். முதலில் கண்ணகி அக்கா வீடு. மைன்ஸ் சாரே வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அவர் வேகமாக வெளியே வந்தார். ஆனால் கேட்டைத் திறக்கவில்லை, என்னைப் பார்த்ததால். சார் தொண்டையைச் செருமினார். கோழிக்கு நோயெல்லாம் இல்லை என்றும், இந்த வருடம் வெயில் கொஞ்சம் ஜாஸ்தி, அதனால் என்றும் இழுத்தார்.

வெயிலாம். அதே வெயிலில் முத்தாண்டிக்குப்பத்தில் என் அறுபது கோழியும் மேய்ந்துகொண்டிருந்தன.

"வெயிலு இல்லீங்க சார்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. சார் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கூரைங்க. நான் போட்ட பெல்ட் கூரை. கோழி நல்ல கோழிதான். என் கூண்டுதான் கொன்னுச்சு."

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். என் பேர் எனக்கு வந்துவிட்டது. ஆனால் என் மனசு விடவில்லை.

"நானும் சொல்லிடறேன்க்கா. அந்தக் கூரைய நான் தையிலயே பாத்தேன். கோடைக்கு ஆவாதுன்னு தெரியும். சாருக்குப் பயந்துக்கினு நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வந்தேன். என் தப்பு அது. கோழி மேல ஒரு தப்பும் இல்ல."

சார் என்னைப் பார்த்தார். தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. ஏன் என்று அவருக்கே புரிந்துவிட்டது போலிருக்கிறது, முகம் அப்படித் தொங்கிப்போனது. கண்ணகி அக்கா தாழ்ப்பாளை நீக்கிக் கேட்டைத் திறந்தார். உள்ளே வந்து ஒரு வாய் மோர் குடித்துவிட்டுப் போங்கள் என்று எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு படியில் காலை வைத்தார்.

"மோரு அப்பறம் குடிக்கலாங்க சார்" என்றேன். "இன்னும் நாலு வூடு இருக்குது."